பிபிடியோடு அனுபவத்தையும் அனுப்புங்கள்

சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதச் சொன்னால், அது சரியா தவறா என்று கம்பைலரே சொல்லிவிடும். கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் விடை இருக்கும். நான் நடத்தும் பாடத்தில் இந்த இரண்டு வசதியும் இல்லை. "பஸ் டிக்கெட் முன்பதிவுத் திரையை மாற்றி வரைந்து கொண்டு வாருங்கள்" என்றால், அறுபது பேரும் அறுபது விதமாக வரைந்து வருவார்கள். பாதிக்கு மேல் பார்க்க அழகாகவே இருக்கும். எது பயன்படும், எதற்கு எத்தனை மார்க் என்று ஆசிரியர்தான் தீர்மானிக்க வேண்டும். அந்த மார்க் ஏன் என்று மாணவர் ஒப்புக்கொள்ளும்படி விளக்கவும் வேண்டும். "மேடம், இதுல கரெக்ட் ஆன்சர் எது?" என்று ஒவ்வொரு பேட்சிலும் யாராவது கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பன்னிரண்டாம் வகுப்பு வரை விடை உள்ள கேள்விகளை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

பாடத்தின் பெயர் மனிதர்–கணினி ஊடாட்டம். வகுப்பில் எல்லோரும் ஹெச்சிஐ என்றுதான் சொல்வோம். ஒருவர் ஏடிஎம்மில் பணத்தை எடுத்துக்கொண்டு கார்டை மெஷினிலேயே விட்டுவிட்டு வந்தால், அது அவருடைய மறதியா, பணத்தை முதலில் தந்துவிட்டுக் கார்டைப் பிறகு நீட்டிய மெஷினின் குறையா? வந்த வேலை முடிந்தது என்று மனம் நினைத்துவிட்டால், மிச்சமிருக்கும் சின்ன வேலை மறந்துபோவது மனித இயல்பு. அதனால்தான் பல ஏடிஎம்கள் கார்டைக் கையில் கொடுத்த பிறகே பணத்தைத் தருகின்றன. இப்படி மனித இயல்பைத் தெரிந்துகொண்டு கருவியை வடிவமைப்பதும், செய்த கருவியை மனிதர்களிடம் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பதும்தான் எங்கள் பாடம்.

ஈரோடு பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இதை நான் நடத்துகிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 ரெகுலேஷனில் இது விருப்பப் பாடமாக இருந்தது. ஐந்து யூனிட், பாடநூல் ஆலன் டிக்ஸும் மூவரும் எழுதியது. பாடத்திட்டம் எதை நடத்த வேண்டும் என்று சொல்கிறது. எப்படி நடத்துவது என்று சொல்வதில்லை. அது பாடத்திட்டத்தின் வேலையும் இல்லை. சிக்கல் என்னவென்றால், பெரும்பாலான கல்லூரிகளில் இந்தப் பாடத்துக்கு ஓர் ஆசிரியர்தான் இருப்பார். டேட்டா ஸ்ட்ரக்சர் நடத்துகிறவருக்கு ஸ்டாஃப் ரூமில் பக்கத்து மேசையிலேயே இன்னொருவர் கிடைப்பார். ஹெச்சிஐ ஆசிரியர் தனி ஆள்.

ஆகவே கிடைத்த பிபிடியை வைத்து நடத்துகிறோம். டிக்ஸ் நூலின் ஆசிரியர்களே ஸ்லைடுகளையும் பயிற்சிகளையும் இணையத்தில் தாராளமாகக் கொடுத்திருக்கிறார்கள். அவை கல்லூரி கல்லூரியாகச் சுற்றுகின்றன. முதல் பக்கத்தில் கல்லூரிச் சின்னம் மட்டும் மாறும். ஸ்லைடு இல்லாததால் எந்த ஆசிரியரும் தவிக்கவில்லை என்று உறுதியாகச் சொல்வேன். அந்த ஸ்லைடைத் திரையில் போட்ட பிறகு மிச்சமுள்ள நாற்பது நிமிடங்களில் மாணவரை என்ன செய்ய வைப்பது, அது பாதியில் நின்றால் என்ன செய்வது என்பதுதான் யாரும் யாருக்கும் எழுதி அனுப்பாத விஷயம்.

அதை எழுதி வைத்தவர்களில் எனக்கு மிகவும் உதவியவர் எம்ஐடி பேராசிரியர் ராப் மில்லர். அவருடைய பயனர் இடைமுக வகுப்பின் பாடக்குறிப்புகள் எம்ஐடியின் ஓப்பன்கோர்ஸ்வேரில் இலவசமாக இருக்கின்றன. அவை ஸ்லைடின் கீழே முழு விளக்கமும் எழுதப்பட்ட குறிப்புகள். ஒவ்வொரு வகுப்பும் ஒரு நிஜத் திரையோடு தொடங்கும். இது பாராட்டத் தக்கதா, வெட்கப்பட வேண்டியதா என்று மாணவர்கள் வாதாட வேண்டும். சில நிமிடங்கள்தான். ஆனால் சரியான விடை எது என்று கேட்ட பிள்ளைகள், தாங்களே காரணம் சொல்லி வழக்காடத் தொடங்குவார்கள்.

இந்த வகை விவாதத்துக்கு உலகெங்கும் ஹெச்சிஐ ஆசிரியர்கள் எடுக்கும் ஓர் உதாரணம், அமெரிக்காவின் 2000-ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் ஃபுளோரிடாவின் பாம் பீச் மாவட்டம் அச்சடித்த வாக்குச்சீட்டு. வேட்பாளர் பெயர்கள் இடப்பக்கமும் வலப்பக்கமும் இருக்கும்; நடுவே ஒரே வரிசையில் துளைகள். இடப்பக்கத்தில் முதல் பெயர் புஷ், இரண்டாவது அல் கோர். ஆனால் நடுவிலுள்ள இரண்டாவது துளை, வலப்பக்கத்தில் முதலில் இருந்த பேட் புக்கானனுக்கு உரியது. கோருக்குப் போட நினைப்பவர் மூன்றாவது துளையைக் குத்த வேண்டும். அந்த மாவட்டத்தில் புக்கானனுக்கு விழுந்தவை 3,407 வாக்குகள். மாநிலம் முழுவதிலும் புஷ் ஜெயித்தது 537 வாக்கு வித்தியாசத்தில். வகுப்பில் இந்தச் சீட்டைக் காட்டி, "யார் இவ்வளவு மோசமா டிசைன் பண்ணினாங்க?" என்ற சிரிப்பு அடங்கிய பிறகுதான் முக்கியமான தகவலைச் சொல்ல வேண்டும். பெயர்களை இரண்டு பக்கமாகப் பிரித்ததே, முதியவர்கள் படிக்கும்படி எழுத்தைப் பெரிதாக்கத்தான். நல்ல எண்ணத்தோடு செய்த ஒரு மாற்றம் இன்னோர் இடத்தில் போய் இடித்தது. அந்த வரிசையில் சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும். முதலிலேயே சொல்லிவிட்டால் விவாதமே நடக்காது. எந்த நேரத்தில் எதைச் சொல்வது என்ற இந்த ஒரு வரிக் குறிப்பு எந்த ஸ்லைடிலும் இருக்காது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதற்கு இணையாக நான் எடுத்துக்கொண்டது நம் வாக்குப்பதிவு இயந்திரம். பெயர், படம், சின்னம், நீலப் பொத்தான் எல்லாம் ஒரே கிடைக்கோட்டில் இருக்கும். எந்தப் பொத்தான் யாருக்கு என்ற குழப்பத்துக்கு இடமில்லை. அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், பீப் ஒலி கேட்கும், விவிபேட் பெட்டியில் சீட்டு 7 விநாடி தெரியும். பார்வையற்றவர்களுக்குப் பிரெயில் எண் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சின்னம் இருக்கிறது. மாணவர்கள் ஒருமனதாகப் பாராட்டுவார்கள். அப்போது நான் கேட்பேன்: ஓர் இயந்திரத்தில் 16 வரிசைதான் இருக்கிறது. 2023-இல் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர் போட்டியிட்டார்கள். நோட்டாவையும் சேர்த்தால் 78. ஐந்து இயந்திரங்களை வரிசையாக வைத்தால், உங்கள் பாட்டி தன் சின்னத்தை எப்படித் தேடுவார்? எங்கள் ஊர்த் தேர்தல் என்பதால் பிள்ளைகளுக்கு அது வெறும் கணக்கு இல்லை. அறையின் நீளம், பாட்டியின் உயரம், பின்னால் நிற்கும் வரிசையின் அவசரம் எல்லாம் பேச்சுக்கு வரும்.

இந்தப் பயிற்சியைத் திருநெல்வேலிப் பக்கமும் வேலூர்ப் பக்கமும் இதே பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு அனுப்பினேன். ஒரு பயிலரங்கில் அறிமுகமானவர்கள். அவர்களும் தங்களுடையதை அனுப்பினார்கள். கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர் உருவானது. ஃபோல்டருக்கு ஒரே ஒரு நிபந்தனை. எந்தப் பயிற்சியைப் போட்டாலும், முதல் பக்கத்தில் அதை நடத்தியபோது நடந்ததை எழுத வேண்டும்: எவ்வளவு நேரம் பிடித்தது, எங்கே மாணவர்கள் முழித்தார்கள், எந்தக் கேள்வி வகுப்பைத் திசை திருப்பியது, மார்க் போடும்போது எது சண்டையானது. அந்தப் பக்கம் இல்லாத கோப்பை யாரும் திறப்பதில்லை.

அந்த முதல் பக்கத்தின் அருமை எனக்குப் புரிந்தது, பயனர் சோதனை நடத்தும்போது.

பயனர் சோதனையில் மிகவும் புழங்கும் முறை, ஒருவரிடம் செயலியைக் கொடுத்து, மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பயன்படுத்தச் சொல்வது. ஐபிஎம்மில் இருந்த கிளேட்டன் லூயிஸ் 1982-இல் இதைக் கணினித் திரைகளுக்குக் கொண்டுவந்தார். பயன்படுத்துகிறவர் எங்கே தயங்குகிறார், எதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார் என்று பேச்சிலேயே தெரிந்துவிடும். பாடநூல்கள் எல்லாம் இதை எளிய முறை என்றே சொல்கின்றன. எங்கள் கேன்டீனில் வேலை பார்க்கும் ஓர் அக்காவிடம், மின்கட்டணம் செலுத்துவதற்காகத் தாங்கள் வடிவமைத்த திரைகளை மாணவிகள் கொடுத்தார்கள்.

"அக்கா, மனசுல என்ன தோணுதோ அதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்ங்க."

அக்கா போனை வாங்கிக்கொண்டு பேசாமல் பார்த்தார். விரல் ஒரு பொத்தானுக்கு மேலே போய் நின்றது, திரும்பியது, இன்னொன்றுக்குப் போனது. முகத்தில் குழப்பம் நன்றாகவே தெரிந்தது.

"என்னக்கா நினைக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு. நல்லாத்தான் இருக்குது. நீயே பண்ணுனதா? சூப்பரா இருக்குது."

மாணவியின் ரெக்கார்டு நோட்டில் 'பயனர் திருப்தி அடைந்தார்' என்று பதிவாகும். இது அந்த அக்காவின் குறையோ மாணவியின் குறையோ அல்ல. பிள்ளை ஆசையாகச் செய்து கொண்டு வந்து காட்டுகிறது. அதன் முகத்துக்கு நேரே யார் குறை சொல்வார்கள்? நிக்கோலா டெல், இந்திராணி மேதி உள்ளிட்டோர் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியா சார்பில் பெங்களூரில் 450 பேரைப் பேட்டி கண்டு 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்தே காட்டியிருக்கிறது. இரண்டு பொருளும் ஒன்றாகவே இருந்தபோதும், கேட்பவர் தானே செய்தது என்று சொன்ன பொருளை மக்கள் ஏறக்குறைய 2.5 மடங்கு அதிகமாக விரும்பினார்கள். கேட்பவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டவராக இருந்தால் அது 5 மடங்கானது. எங்கள் மாணவர்களுக்கு நான் கட்டாயம் படிக்கக் கொடுக்கும் கட்டுரை இது.

ஆனால் கட்டுரை வியாதியைச் சொன்னதே தவிர, நாளைக் காலை வகுப்பில் என்ன செய்வது என்ற மருந்து திருநெல்வேலி ஆசிரியரின் முதல் பக்கத்தில்தான் கிடைத்தது. அவர் எழுதியிருந்தார்: "தனியாக உட்கார வைத்தால் பேச மாட்டார்கள். தெரிந்தவர்கள் இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வையுங்கள், போன் ஒன்றுதான் கொடுங்கள். மாணவர் பின்னால் போய் நிற்கட்டும். ஒரு குழு செய்ததை இன்னொரு குழு சோதிக்கட்டும். 'நாங்கள் செய்ததில்லை' என்று உண்மையாகவே சொல்லலாம்." அடுத்த முறை கேன்டீனிலிருந்து இருவரை அழைத்தோம்.

"இதை அமுக்குனா பணம் போயிருமாக்கா?"

"இரு இரு, அமுக்கீராத. எவ்வளவுன்னே காட்டல, அதுக்குள்ள கட்டச் சொல்லுது பாரு."

"போன மாச பில்லா இருக்குமோ?"

"யாரு பேருல இருக்குதுன்னாவது காட்டோணுமல்ல? அடுத்த ஊட்டு பில்லைக் கட்டீட்டா என்ன பண்றது?"

பின்னால் நின்ற மாணவிகள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். தொகையும் இணைப்பின் உரிமையாளர் பெயரும் காட்டாமல் பணம் கட்டும் பொத்தானைக் காட்டியது, அந்தத் திரைகளை வடிவமைத்த யாருடைய கண்ணிலும் படவில்லை. இருவரைச் சேர்த்து வைத்துக் கேட்பது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ஜப்பானிய அறிவியலாளர் நவோமி மியாகே, தையல் மெஷின் எப்படித் தைக்கிறது என்று இருவர் பேசிப் பேசிப் புரிந்துகொள்வதைக் கவனித்து 1986-இலேயே எழுதியிருக்கிறார். ஹெச்சிஐக்காரர்கள் அதைப் பயனர் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். அப்படி ஒரு முறை இருப்பது எனக்கும் தெரியும். ஆனால் நம்மூரில் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும், போன் ஒன்றுதான் கொடுக்க வேண்டும், மாணவர் கண்ணில் படாமல் நிற்க வேண்டும் என்பதெல்லாம் நடத்திப் பார்த்த ஓர் ஆசிரியர் சொல்லித்தான் தெரியும்.

உலக அளவிலும் இந்தத் துறையின் ஆசிரியர்கள் இப்படி அனுபவத்தைப் பகிர்வதை நோக்கித்தான் நகர்ந்திருக்கிறார்கள். 1992-இல் கணினித் துறையினரின் ஏசிஎம் அமைப்பில் ஹெச்சிஐக்கான சிக்கை என்ற பிரிவு, தாமஸ் ஹியூவெட் தலைமையில் ஹெச்சிஐக்கு ஒரு பாடத்திட்ட அறிக்கையை வெளியிட்டது. எதையெல்லாம் கற்பிக்க வேண்டும் என்ற பட்டியல் அதில் தெளிவாக இருந்தது. அதன் பிறகு தொடுதிரை போனும் வாட்ஸ்அப்பும் வந்து உலகமே மாறியது. 2010-களில் எலிசபெத் சர்ச்சில், ஆன் பௌசர், ஜெனிஃபர் பிரீஸ் மூவரும் பல நாட்டு ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் விசாரித்துவிட்டு, ஒரே தடவை அச்சடித்து முடிக்கும் பாடத்திட்டத்துக்குப் பதிலாக, ஆசிரியர்களே தொடர்ந்து சேர்த்தும் திருத்தியும் வளர்க்கும் உயிருள்ள பாடத்திட்டம் வேண்டும் என்றார்கள். 2019-இல் கிளாஸ்கோவில் நடந்த 'கை' (CHI) என்ற ஹெச்சிஐ மாநாட்டில் எஜுகை என்ற பெயரில் ஹெச்சிஐ கற்பித்தலுக்கென்றே தனிக் கூட்டம் கூடியது. நம் நாட்டில் என்பிடெலில் ஐஐடி குவஹாத்தியின் சமித் பட்டாச்சார்யா போன்றவர்களின் விரிவுரைகள் கிடைக்கின்றன. ஐஐடி பம்பாயின் டி'சோர்ஸ் தளத்தில் வடிவமைப்புப் பாடங்கள் கிடைக்கின்றன. கேட்டுப் படிக்க நிறைய இருக்கிறது. வகுப்பில் செய்து பார்க்க நாம்தான் எழுத வேண்டும்.

மார்க் விஷயத்திலும் எனக்கு வெளியிலிருந்துதான் உதவி வந்தது. ஸ்டான்ஃபோர்டின் ஸ்காட் கிளெம்மர் 2012-இல் தன் ஹெச்சிஐ பாடத்தைக் கோர்செராவில் கொடுத்தபோது, ஆயிரக்கணக்கானவர்களின் வரைபடங்களை ஓர் ஆசிரியர் குழு திருத்த முடியாது. எனவே மாணவரை மாணவர் திருத்தினார்கள். அதற்கு முன், ஆசிரியர்கள் ஏற்கெனவே மார்க் போட்டுவைத்த ஒரு மாதிரியை ஒவ்வொருவரும் திருத்திப் பார்த்துத் தங்கள் அளவுகோலைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பிறருடையதைத் திருத்திய பிறகு தன்னுடையதுக்கும் தானே மார்க் போட வேண்டும். இதை எங்கள் வகுப்பில் அப்படியே எடுத்துக்கொண்டேன். முந்தைய பேட்சின் வேலைகளில் நல்லது, சுமார், குறையுள்ளது என்று மூன்றைப் பெயரை மறைத்து வைத்திருக்கிறேன். அசைன்மென்ட் தருவதற்கு முன்பே மாணவர்கள் அவற்றுக்கு மார்க் போட்டுப் பார்ப்பார்கள். அதன் பிறகு மார்க் குறைந்தது ஏன் என்று என் அறைக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். வருகிறவர்களும் காரணத்தோடு வருகிறார்கள்.

பதிலுக்கு எங்கள் ஃபோல்டரிலிருந்து நான் பெருமையோடு கொடுப்பது தமிழ்த் தட்டச்சுப் பயிற்சி. கார்ட், மோரன், நியூவெல் மூவரும் 1980-இல் வெளியிட்ட ஒரு கணக்கு முறை உண்டு. திறமையான ஒருவர் ஒரு விசையை அழுத்த சுமார் 0.2 விநாடி, அடுத்தது என்ன என்று மனதைத் தயார்செய்ய 1.35 விநாடி என்று கூட்டிக்கொண்டே போனால், ஒரு வேலை முடிய ஆகும் நேரத்தை முன்கூட்டியே சொல்லலாம். நூல்களில் ஆங்கில உதாரணங்களே இருக்கும். நான் 'வணக்கம்' என்ற சொல்லைக் கொடுப்பேன். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் வ, ண, க, க, ம, புள்ளி என ஆறு விசை. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து அடித்தால் எட்டு எழுத்து, அதில் ணகரத்துக்காக ஒரு ஷிஃப்ட். கணக்குப்படி தமிழ்99 வேகம். ஆனால் வகுப்பில் ஸ்டாப்வாட்ச் வைத்து அடித்துப் பார்த்தால், ரோமன் முறையில் அடிப்பவர்களே முதலில் முடிப்பார்கள்.

இந்த இடத்தில் எங்கள் குறிப்பு சொல்வது: விளக்காதீர்கள், காத்திருங்கள். "கணக்குத் தப்பா மேடம்?" என்பார்கள். சற்று நேரத்தில் யாராவது ஒருவர், இந்தக் கணக்கு பழகிய கையை வைத்துப் போட்டது, எங்கள் கை பழகியது வேறு பலகையில் என்று கண்டுபிடிப்பார். அந்த முறையின் அடிப்படை நிபந்தனையே அதுதான். தேர்வில் இரண்டு மார்க் கேள்வியாக வரும் அந்த வரியை அதன் பிறகு யாருக்கும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. வேலூர் ஆசிரியர் இதில் ஒன்றைச் சேர்த்தார்: தமிழ்99 பழகிய ஒரு டிடிபி ஆபரேட்டரை வகுப்புக்கு அழைத்து அடிக்கச் சொன்னார். பயிற்சி இப்போது அந்த வடிவத்தில்தான் இருக்கிறது.

பகிரத் தயங்கும் ஆசிரியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ராத்திரி விழித்துச் செய்த பாடக்குறிப்பு இன்னொருவர் பெயரில் சுற்றுவதைப் பார்த்தவர்கள் அவர்கள். அதற்கு வழி இருக்கிறது. எம்ஐடி குறிப்புகள் வெளியானதே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில்தான்: ஆக்கியவர் பெயரைச் சொல்ல வேண்டும், விற்கக் கூடாது, மாற்றினால் அதையும் இதே நிபந்தனையில் பகிர வேண்டும். எங்கள் ஃபோல்டரிலும் ஒவ்வொரு கோப்பின் அடியிலும் யார் தொடங்கினார், யார் என்ன சேர்த்தார் என்று இருக்கும். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருக்கிறேன். பயனர் சோதனையின் வீடியோக்கள் ஃபோல்டருக்குள் வராது. கேன்டீன் அக்கா எங்கள் பிள்ளைகளுக்காகச் சம்மதித்து உட்கார்ந்தாரே தவிர, போனில் தடுமாறும் தன் முகம் ஊர் ஊராகப் போவதற்குச் சம்மதிக்கவில்லை. அவர் பேசியது பெயரில்லாமல் எழுத்தில் வந்தால் போதும், பாடம் நடத்த அது தாராளம்.

இப்போது ஃபோல்டரில் இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆண்ட்ராய்டு போனில், திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் டாக்பேக்கை இயக்கி, தமிழ்க் குரலை வைத்து, திரையைப் பார்க்காமல் ஒரு தமிழ்ச் செயலியில் வேலையை முடிக்கும் பயிற்சி. பெயரிடாமல் விட்ட பொத்தான்களை வெறுமனே பொத்தான் என்று அது வாசிக்கும்போது மாணவர்களுக்கு எதைக் கவனிக்கச் சொல்வது, கண்ணைக் கட்டிக்கொண்டு விளையாட்டாகச் செய்துவிட்டுப் பார்வையற்றோர் வாழ்க்கையே புரிந்துவிட்டது என்று நினைக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, டாக்பேக்கை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவரை வகுப்புக்கு அழைத்தால் அவரை என்ன கேட்பது, அவருக்கு என்ன ஊதியம் தருவது. நடத்திப் பார்த்த ஆசிரியர் யாராவது இதைப் படித்தால், பயிற்சியை அனுப்புங்கள். முதல் பக்கத்தையும் சேர்த்து.